ஐந்தாம் நாள் வரை: இழுபறியான டெஸ்ட் தொடரைச் செட்டிநாட்டிலிருந்து பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூன் 20 அன்று லீட்ஸில் தொடங்கிய இந்தியா–இங்கிலாந்து தொடர் ஆகஸ்ட் 4 அன்று ஓவலில் முடிந்தது. ஐந்து டெஸ்ட்டும் ஐந்தாம் நாளைத் தொட்டன. முதலில் இங்கிலாந்து, அடுத்து இந்தியா, மறுபடி இங்கிலாந்து, பிறகு ஒரு டிரா, கடைசியில் 6 ரன்னில் இந்தியா. 2-2. அந்த ஒன்றரை மாதமும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர் செய்தது இதுதான்: மணிக்கொரு தடவை போனை எடுத்து ஸ்கோர் பார்த்தார்கள், "இன்னுமா முடியல?" என்று அலுத்துக்கொண்டார்கள், கடைசி நாள் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசி நாள் அவர்களுக்கும் ருசித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்தின இருபத்து நாலு நாளும் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் பார்த்த கடைசி நாளே வேறு.

டெஸ்ட் தொடரை ஸ்கோராகப் பார்த்தால் புரியாது. செஷன் செஷனாக, அதாவது ஒரு நாள் ஆட்டத்தை மூன்றாகப் பிரித்த இரண்டு மணி நேரப் பகுதிகளாகப் பார்க்க வேண்டும். எல்லா செஷனையும் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது, விட்டதை எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கடை, வேலை, கோயில் காரியம், விசேஷம் எல்லாம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: அட்டவணையையும் பஞ்சாங்கத்தையும் ஒன்றாகப் பாருங்கள்

தொடர் அறிவித்ததும் முதல் வேலை, ஆட்ட நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் காலண்டரில் எழுதுவது. இங்கிலாந்தில் கோடைக்கால டெஸ்ட் நமக்கு மதியம் 3.30-க்குத் தொடங்கும். 5.30-க்கு லன்ச், 6.10-லிருந்து 8.10 வரை இரண்டாவது செஷன், 8.30-க்கு மூன்றாவது, 10.30-க்கு முடிய வேண்டும். ஒரு நாளுக்கு 90 ஓவர் என்பது கணக்கு. அது முடியாவிட்டால் இன்னும் அரை மணி நேரம் இழுக்கும். கடை வைத்திருப்பவருக்கு இரண்டாவது செஷன் முழுக்கப் போய்விடும், மூன்றாவது அப்படியே கையில் கிடைக்கும். கெட்ட பேரம் இல்லை.

ஆஸ்திரேலியா என்றால் தலைகீழ். மெல்போர்ன், சிட்னி டெஸ்ட் விடியற்காலை 5 மணிவாக்கில் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும். அது மார்கழி, எப்படியும் கோயில் மணிச் சத்தத்தில் வீடே எழுந்திருக்கும், டிவி போட்டதற்கு யாரும் திட்ட மாட்டார்கள். பெர்த் மட்டும் காலை 8 மணியை ஒட்டி வரும். வெஸ்ட் இண்டீஸ் தொடர் ராத்திரி 7.30-க்குத் தொடங்கி நடுநிசி தாண்டும். அதை முழுசாகப் பார்க்க நினைக்காதீர்கள். உள்ளூர் டெஸ்ட்தான் இருப்பதிலேயே கஷ்டம். 9.30 முதல் 4.30 வரை, வேலை நேரத்துக்குள் கச்சிதமாக விழும்.

அப்புறம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. இங்கிலாந்துத் தொடரின் பின்பாதி ஆடியிலும், ஆஸ்திரேலியாவின் பாக்ஸிங் டே (டிசம்பர் 26), புத்தாண்டு டெஸ்ட்கள் மார்கழியிலும் விழுவது நமக்கென்றே போட்டுக் கொடுத்தது போலத்தான். 2025-இல் லீட்ஸ், பர்மிங்ஹாம், லார்ட்ஸ் மூன்றும் ஆனியில் மாட்டின. மான்செஸ்டரும் ஓவலும் ஆடியில் வந்தன. ஓவலின் நாலாம் நாள் ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் கூட. தை மாதம் உள்ளூர்த் தொடர் வந்தால் பழனிப் பாதயாத்திரை குறுக்கே நிற்கும். 2024-இல் தைப்பூசத்தன்றே, ஜனவரி 25-ஆம் தேதி, ஹைதராபாத் டெஸ்ட் தொடங்கியது. அதற்கு மாற்று கிடையாது. நடக்கிறவர்கள் நடக்கட்டும், ஸ்கோர் வீட்டில் எழுதி வைக்கட்டும்.

படி 2: எங்கே உட்கார்வது, எதில் பார்ப்பது

பழைய வீடுகளில் சுவரின் கனத்துக்கு உள்ளே சிக்னல் நிற்காது. முகப்பில் நன்றாக ஓடும் போன் இரண்டாம் கட்டுக்குப் போனதும் சுற்றிக்கொண்டே இருக்கும். வைஃபை பெட்டியை வளவை ஒட்டி வையுங்கள், நடுவில் வானம் திறந்திருப்பதால் நாலு பக்க அறைக்கும் ஓரளவு போகும். முடிந்தால் டிவிக்கு நேரே கேபிள் இழுத்துவிடுவது உத்தமம்.

ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கை மாறுகிறது. போன தொடர் வந்த சேனலில்தான் இந்தத் தொடரும் வரும் என்று நம்பி வருடச் சந்தா கட்டாதீர்கள். முதல் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு எந்த சேனல், எந்த ஆப், தமிழ் வர்ணனை உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவது பகல் நேரத்தில்தான், அதனால் அடிபடுவது உள்ளூர் டெஸ்ட். அந்தத் தேதியையும் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியில் இருக்கும்போது வீடியோ வேண்டாம். கிரிக்இன்ஃபோ, கிரிக்பஸ் போன்றவற்றில் பந்துக்குப் பந்து எழுத்தில் வருவதைப் படித்தால் போதும். டேட்டாவும் தின்னாது, ஸ்கோர் பெட்டியை விடப் பத்து மடங்கு விஷயம் இருக்கும். வயசானவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை வானொலியில் கேட்டே சேப்பாக்கம் டெஸ்ட்டைக் கண்ணால் பார்த்தது போலச் சொல்வார்கள்.

படி 3: சிட்டையும் பேரேடும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். டெஸ்ட் தொடருக்கும் அந்த முறைதான் பொருந்தும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முன்பக்கம் சிட்டை: ஒரு டெஸ்ட்டுக்குப் பதினைந்து வரி, ஒரு செஷனுக்கு ஒரு வரி. ஓவர், ரன், விக்கெட், யாருக்கு வரவு, ஏன். "ஏன்" என்பது ஆறேழு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. பின்பக்கம் பேரேடு: முக்கியமான ஆளுக்கு ஒரு பக்கம்.

லார்ட்ஸ் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். முதல் இன்னிங்ஸில் இரண்டு அணியும் 387. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ் 192. இந்தியாவுக்கு 193 வேண்டும். நாலாம் நாள் முடிவில் 58-க்கு 4. ஐந்தாம் நாள் லன்ச்சில் 112-க்கு 8. அதாவது ஒரு செஷனில் 54 ரன், 4 விக்கெட். இங்கிலாந்துக்கு வரவு, யோசிக்கவே வேண்டாம். அடுத்த செஷனில் ஜடேஜா ஒரு பக்கம் நிற்க, பும்ரா 54 பந்து தாக்குப் பிடிக்க, டீ இடைவேளையில் 163-க்கு 9. இந்த 51 ரன், 1 விக்கெட் யார் கணக்கில்? என் நோட்டில் இந்தியா என்றுதான் இருக்கிறது. "ஜெயிக்கவில்லையே, பிறகென்ன வரவு" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த செஷன் இந்தியாவுடையது. காலையில் விழுந்த கடனை அடைக்க அது போதவில்லை, அவ்வளவுதான். டீக்குப் பிறகு பஷீரின் பந்தை சிராஜ் தடுத்தார், பந்து உருண்டுபோய் ஸ்டம்பைத் தொட்டது, 22 ரன்னில் தோல்வி. "துரதிருஷ்டம்" என்று முடித்துவிடுவது சுலபம். நோட்டைப் பார்த்தால் ஆட்டம் போனது காலை செஷனில் என்று தெரியும்.

பேரேட்டுக்கும் அதே தொடரில் பாடம் உண்டு. சிராஜ் பக்கத்தில் ஓவரை மட்டும் கூட்டிக்கொண்டே வந்திருந்தால் தொடர் முடிவில் 185-ஐத் தாண்டியிருக்கும். ஐந்து டெஸ்ட்டும் ஆடி 23 விக்கெட், தொடரிலேயே அதிகம். பும்ரா பக்கத்தில் மூன்று டெஸ்ட்தான். இந்தியா ஜெயித்த இரண்டிலும் அவர் இல்லை. இது எந்தத் தலைப்புச் செய்தியை விடவும் யோசிக்க வைக்கும்.

நம்மூர்ப் பிள்ளை வாஷிங்டன் சுந்தருக்கு ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள் என்றால் இன்னும் சுவாரசியம். லார்ட்ஸில் இரண்டாவது இன்னிங்ஸில் 22 ரன் கொடுத்து 4 விக்கெட். மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101. ஓவலில் மூன்றாம் நாள் 357-க்கு 9 என்று இருந்தபோது, மறுமுனையில் பிரசித் கிருஷ்ணாவை நிறுத்திவைத்துக்கொண்டு அடித்து நொறுக்கி 53. அந்தக் கடைசி ஜோடி சேர்த்தது 39; அதில் பிரசித்தின் பங்கு பூஜ்யம். இந்தியா கடைசியில் ஜெயித்தது 6 ரன்னில் என்பதை இதன் பக்கத்திலேயே எழுதுங்கள். "டெயில்தானே, கடைசியில் வரும் பந்துவீச்சாளர்கள்தானே" என்று டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் தொடரின் முடிவையே பார்க்காமல் போனார்கள்.

படி 4: எந்த ஒரு மணி நேரம்

ஒரு நாளில் உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொடர்ச்சியாகச் செலவழிக்காதீர்கள்.

இன்னிங்ஸின் முதல் மணி நேரம் கட்டாயம். பந்து புதுசு, பிட்ச் என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும். அடுத்து, 80-வது ஓவர். 80 ஓவர் ஆனதும் பந்து போடும் அணி புதுப் பந்து கேட்கலாம். 75-லிருந்து 90 வரை பாருங்கள்: பழைய பந்தில் பகுதி நேரப் பந்துவீச்சாளர்களை ஓட்டிவிட்டு, முக்கிய வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓய்வு கொடுத்து, புதுப் பந்து வந்ததும் ஸ்லிப்பில் மூன்று பேரை நிறுத்துவார்கள். முழு நாளின் திட்டம் அந்தப் பதினைந்து ஓவரில் வெளியே தெரியும்.

மூன்றாவது, ஆட்டம் முடிய முந்தின அரை மணி. ஆடுகிறவர்களுக்குக் களைப்பு, பயம், அடுத்த நாள் யோசனை. லார்ட்ஸ் மூன்றாம் நாள் கடைசி ஓவரில் இங்கிலாந்தின் கிராலி நேரத்தைக் கடத்த, இந்தியக் கேப்டன் கில் கொதித்துப்போனார். அந்தச் சூடு அடுத்த இரண்டு நாளும் இறங்கவில்லை. நாலாம் நாள் கடைசி ஓவரில், நைட் வாட்ச்மேனாக (நல்ல பேட்ஸ்மேனை அன்றைக்குக் காப்பாற்ற முன்னால் இறக்கும் பந்துவீச்சாளர்) அனுப்பிய ஆகாஷ் தீப்பின் ஸ்டம்பை இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் சாய்த்தார். நைட் வாட்ச்மேன் என்ற ஏற்பாடே எனக்குப் பிடிக்காது, அது தனிக் கதை.

விடலாம் என்றால், தட்டையான பிட்ச்சில் இரண்டு பேர் நின்றுவிட்ட பிறகு வரும் மதிய நேரத்தை விடுங்கள். குளித்துவிட்டு வரலாம்.

சில விதிகளைக் கையோடு வைத்திருங்கள், பார்க்கும்போது யாராவது கேட்பார்கள். ஐந்து நாள் டெஸ்ட்டில் 200 ரன் முன்னிலை இருந்தால் எதிரணியை ஃபாலோ-ஆன், அதாவது உடனே மறுபடி பேட் செய்யச் சொல்லலாம். ஒரு இன்னிங்ஸுக்குத் தோற்கக்கூடிய ரிவ்யூ (அம்பயர் முடிவை மறுபடி பார்க்கக் கேட்பது) மூன்று. அம்பயர்ஸ் கால், அதாவது மயிரிழைச் சந்தேகத்தில் அம்பயர் சொன்னதே நிற்கும் என்று வந்தால் கேட்டவரின் ரிவ்யூ போகாது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12 புள்ளி, டைக்கு 6, டிராவுக்கு 4. ஓவரை மெதுவாக வீசினால் புள்ளியைப் பிடுங்குவார்கள். லார்ட்ஸில் ஜெயித்த இங்கிலாந்துக்கே 2 புள்ளி போனது.

படி 5: கூட இருப்பவர்கள்

தனியாகப் பார்க்க முடியாது, இது ஊர். பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி டிராவைப் பற்றித்தான் இருக்கும். "அஞ்சு நாள் ஆடிப்புட்டு யாருமே செயிக்கலையா?" என்று அப்பத்தா கேட்டால் விதியைச் சொல்லாதீர்கள், மான்செஸ்டரைச் சொல்லுங்கள். 311 ரன் பின்தங்கி, இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் 2 விக்கெட் போயாச்சு. அங்கிருந்து ராகுல் 90, கில் 103, பிறகு ஜடேஜாவும் சுந்தரும் கடைசி வரை நின்றார்கள். "போதும், கை கொடுத்துக்கலாம்" என்று ஸ்டோக்ஸ் வந்தபோது ஒருவர் 89, ஒருவர் 80. மாட்டோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சதம் அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். இதைச் சொன்னால் எந்த அப்பத்தாவுக்கும் புரியும்: "அப்ப தோக்காம வந்தாய்ங்கன்னு சொல்லு."

அடுத்தது வாட்ஸ்அப் குழு. சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தக்காரர் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அங்கே நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால்; இங்கிலாந்து டெஸ்ட் அவர்களுக்குச் சாயங்காலம் 6-க்குத் தொடங்கி நள்ளிரவு 1 மணிக்கு முடியும். தொந்தரவு அதில்லை. ஆப்பில் வருவது டிவியை விடப் பின்தங்கி ஓடும், ஆப்புக்கு ஆப் வித்தியாசமும் உண்டு. பவுலர் ஓடி வருவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தானிடமிருந்து "போச்சு!" என்று வந்து விழும். தொடர் தொடங்கும்போதே ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: ரீப்ளே முடியும் வரை குழுவில் யாரும் ஒரு எழுத்துக்கூடப் போடக் கூடாது. மீறினால் அந்த டெஸ்ட் முடியும் வரை குழுவை ம்யூட் செய்யுங்கள். கோபித்துக்கொள்வார்கள், அடுத்த விசேஷத்தில் சரியாகிவிடும்.

தீனி பற்றி ஒரே வரி: தேன்குழலும் சீப்புச் சீடையும் சரி, பணியாரம் வேண்டாம், எண்ணெய்க் கையோடு ரிமோட்டைத் தொட்டால் வீட்டில் வேறு டெஸ்ட் ஆரம்பிக்கும்.

படி 6: டெஸ்ட்டுக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவில்

இடைவெளி நாட்களை எண்ணுங்கள். லீட்ஸ் முடிந்து பர்மிங்ஹாம் தொடங்க ஒரு வாரம் கிடைத்தது. மான்செஸ்டர் ஜூலை 27-இல் முடிந்தது, ஓவல் 31-லேயே தொடங்கிவிட்டது. நடுவில் மூன்றே நாள். அதற்குள் தோள் காயத்தால் ஸ்டோக்ஸ் இல்லை, காலில் எலும்பு முறிந்து பந்த் இல்லை, பும்ராவுக்கு ஓய்வு. இழுபறித் தொடரில் நாலாவது, ஐந்தாவது டெஸ்ட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் களைப்புதான். பேரேட்டில் ஓவரைக் கூட்டச் சொன்னது இதற்காகத்தான். மற்றபடி அந்த நாட்களில் கிரிக்கெட் பேச்சைக் குறைத்துக் கடை வேலையைப் பாருங்கள், ஐந்தாம் நாளுக்கு லீவு கேட்க வேண்டியிருக்கும்.

படி 7: ஐந்தாம் நாள்

முந்தின ராத்திரியே நோட்டில் நாலு எண் எழுதுங்கள்: வேண்டிய ரன், கையில் உள்ள விக்கெட், மிச்ச ஓவர், புதுப் பந்துக்கு இன்னும் எத்தனை ஓவர். ஓவலில் நாலாம் நாள் ராத்திரி இங்கிலாந்துக்கு வேண்டியது 35 ரன், கையில் 4 விக்கெட், ஆட்டம் நின்றது 76.2 ஓவரில். அன்று 301-க்கு 3 என்று இருந்தபோது எல்லோரும் முடிந்தது என்றார்கள். புரூக் 111, ரூட் 105. புரூக் 19-இல் இருந்தபோது சிராஜ் கேட்ச் பிடித்துவிட்டு எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார். அந்த ஒரு அடி நாள் முழுக்கத் துரத்தியது.

திங்கட்கிழமை 3.30-க்கு ஆட்டம் தொடங்கியது. ஓவர்டன் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். பிறகு சிராஜ் வரிசையாக ஸ்மித்தையும் ஓவர்டனையும் எடுத்தார், பிரசித் டங்கைப் போல்டாக்கினார், வோக்ஸ் ஒரு கையைத் தூளியில் போட்டுக்கொண்டு களத்துக்கு வந்தார், சிராஜின் யார்க்கரில் அட்கின்சன் ஸ்டம்ப் பறந்தது. மொத்தமே ஒன்பது ஓவருக்குள். "வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வந்து பார்க்கலாம்" என்று இருந்தவர்களுக்கு ஹைலைட்ஸ்தான் மிச்சம். எனவே ஐந்தாம் நாள் லீவு கேட்டால் முதல் செஷனுக்குக் கேளுங்கள், கடைசி செஷனுக்கு அல்ல.

படி 8: ஒரு தடவையாவது சேப்பாக்கம்

அந்த மைதானத்தின் பெயரில் இருக்கும் எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். 1960-களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். 2001-இல் ஆஸ்திரேலியத் தொடரின் கடைசி டெஸ்ட் அங்கே நடந்தபோது வாரியத் தலைவர் அவர் மகன் ஏ.சி.முத்தையா. இழுபறி என்றால் அந்த ஆட்டம்தான்: தொடர் 1-1, வேண்டியது 155, எட்டு விக்கெட் போய் ஜெயித்தது. கடைசி ரன்னை எடுத்ததும் அந்த டெஸ்ட்டில் 15 விக்கெட் எடுத்த ஹர்பஜன்தான்.

அதே மைதானத்தில் 1986 செப்டம்பரில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் டை ஆனது; 348 வேண்டிய இடத்தில் 347. 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றபோது, டெண்டுல்கர் அடித்த 136 வீணாய்ப் போன வருத்தத்தோடேயே கூட்டம் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியது. அந்தக் கூட்டத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும்.

போவதென்றால் இரவு ரயிலில் போங்கள். பல்லவன் அதிகாலையில் காரைக்குடியை விட்டாலும் சென்னை சேர மதியம் ஆகிவிடும், மூன்று செஷனில் ஒன்று காலி. மைதானத்துக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. பெரிய பை கொண்டுபோகாதீர்கள், வாசலிலேயே நிறுத்துவார்கள். வெயிலை லேசாக எண்ண வேண்டாம். 1986-இல் 210 அடித்த டீன் ஜோன்ஸை அவர் இன்னிங்ஸ் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பருத்திச் சட்டை, தொப்பி, உள்ளே போனதும் தண்ணீர்.

எந்த நாளுக்கு டிக்கெட் எடுப்பது என்று கேட்டால், மூன்றாம் நாளும் நாலாம் நாளும். சேப்பாக்கத்தில் பந்து நன்றாகத் திரும்பத் தொடங்குவது அப்போதுதான். திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் ஐந்தாம் நாள் ராத்திரிக்குப் போடுங்கள். ஆட்டம் முன்னாடியே முடிந்தால் கேன்சல் செய்யக் கொஞ்சம் காசு போகும். அதையும் நோட்டில் செலவுப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.